கையொப்பமில்லாத தும்பைப் படம்

இந்த இயலில் எங்கள் கல்லூரி நூலகம் உருவான வரலாற்றை எழுதுவதாக இருந்தேன். அது காத்திருக்கலாம். காத்திருக்க இயலாத ஒன்று சென்ற மாதம் அஞ்சலில் வந்தது.

தாவரவியல் ஆய்வாளர் ஒருவர், நான் நேரில் கண்டிராத இளைஞர், தம் கட்டுரையின் படியை எனக்கு அனுப்பி, அச்சுக்குப் போகுமுன் பிழை இருப்பின் சொல்லுமாறு பணிவோடு கேட்டிருந்தார். சவ்வாது மலையில் பூக்கும் தும்பை இனம் ஒன்றைப் பற்றிய கட்டுரை அது. அவ்வினத்தை முதன்முதலில் விவரித்துப் பெயரிட்டவன் நான். அவர் எழுத்தில் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. ஒரு வரி மட்டும் நெஞ்சில் தைத்தது.

“முதல் விவரிப்புடன் வெளியான படத்தில் புல்லி வட்டத்தின் வாயிலுள்ள மயிர்கள் உண்மையினும் தடித்துக் காணப்படுகின்றன, பெயர் அறியப்படாத அவ்வோவியரின் பயிற்சிக் குறைவால் இது நேர்ந்திருக்கலாம்.”

மயிர்கள் தடித்திருப்பது உண்மை. மற்றது உண்மையன்று. அவ்வோவியருக்குப் பெயர் உண்டு. மறுமொழி கூற அவர் இன்று இல்லை, நான் இருக்கிறேன். ஆகவே இதை எழுதி வைக்கிறேன்.

கண்ணை மூடினால் அந்த ஒலி இன்னும் கேட்கிறது. தேரடித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மண்ணெண்ணெயும் வண்ணமும் கலந்து மணக்கும் சிறிய கடை. முற்பகல் வெயில் சன்னல் வழியே ஒரு வெள்ளை அட்டையின் மேல் விழுகிறது. சவர அலகு ஒன்று அந்த அட்டையைச் சுரண்டுகிறது. எறும்பு ஊர்வது செவிக்குக் கேட்குமாயின் அப்படித்தான் கேட்கும் போலும். சுரண்டுபவர் கமால் பாய். சுரண்டச் சொன்னவன் நான்.

கடலைச் செடி

கமால் பாயை அறியுமுன் அவர் தீட்டிய பலகை ஒன்றை அறிந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருவண்ணாமலை அன்று வட ஆர்க்காடு மாவட்டத்துள் ஓர் ஊர். வேங்கிக்காலில் இன்று அலுவலகங்கள் நிற்குமிடத்தில் வயல்கள் இருந்ததாக நினைவு. கீழ்பென்னாத்தூரில் ஒரு திருமணத்திற்குச் சென்று திரும்பப் பேருந்துக்கு நின்றேன். எதிரே ஒரு விதைக்கடை. அதன் பெயர்ப் பலகையில் ஒரு வேர்க்கடலைச் செடி.

வேர்க்கடலையை வரைவோர் பெரும்பாலும் வேரிலேயே காய் தொங்குவதாக வரைவர். உண்மையில் பூ தண்டில் மலர்கிறது. பூ வாடியபின் மெல்லிய காம்பொன்று கீழிறங்கி மண்ணைத் துளைத்து, அதன் நுனியில் காய் பிடிக்கிறது. வகுப்பில் இதை விளக்கி விளக்கிச் சலித்தவன் நான். அப்பலகையில் அது பிழையின்றி இருந்தது. காம்புகளுள் ஒன்று மண்ணைத் தொடாமல் நூலிழை இடைவெளியில் நின்றது. வலப்புறக் கீழ் மூலையில், சிவப்பில், ‘கமால், தி.மலை’.

பேருந்தைத் தவறவிட்டேன்.

மறுவாரம் தேடிச் சென்றேன். என்னையொத்த அகவை, ஒடிசலான உடல், நேர்த்தியாகக் கத்தரித்த தாடி. அச்செடியை எதைப் பார்த்து வரைந்தீர்கள் என்று கேட்டேன்.

“செடியப் பாத்துத்தான் சார். கடல போடறவங்களுக்கு நடுவுல தப்பா வரஞ்சா அவங்களே சிரிப்பாங்க. ஒரு செடி புடுங்கிக் குடுங்கன்னேன். கடைக்காரர் ரெண்டு குடுத்தாரு. ஒண்ண வரஞ்சேன், ஒண்ணத் தின்னுட்டேன்.”

‘சார்’ என்று அழைக்க வேண்டா, ‘ஐயா’ என்றாலே போதும் என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் ‘சார்’ அவர் வாயிலிருந்து போகவில்லை. அன்று முதல் என்னைச் சீண்ட நினைக்கும் போதெல்லாம் ‘சார் ஐயா’ என்றே அழைத்தார்.

மழையில் உலராத செடிகள்

ஒரு செடி அறிவியலுக்குப் புதிது என்று நிறுவ அந்நாளில் மூன்று வேண்டும். அழுத்தி உலர்த்திய செடி ஒன்று. இலத்தீன் மொழியில் விவரிப்பு. கறுப்பு மையில் வரைந்த படம். முதலில் அச்சேறிய பெயரே நிலைக்கும் என்பது எங்கள் துறையின் நெறி. பின்னர் வந்தவர் எத்துணைப் பெரியவராயினும் அப்பெயரையே வழங்க வேண்டும்.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு கார்த்திகை. சவ்வாது மலையில், மேகம் தோளைத் தொட்டுச் செல்லும் ஒரு பாறைச் சரிவில் அச்செடியைக் கண்டேன். தும்பை என்பது பார்த்தவுடன் விளங்கியது. நம் தெருவோரத் தும்பையினும் குட்டையானது. இலை சற்றுத் தடித்தது. பூ மட்டும் அதே பாலின் வெண்மை. அருகில் விறகு கட்டிக்கொண்டிருந்த மலையூர்ப் பெண்ணிடம் அதன் பெயரைக் கேட்டேன். “பூ,” என்றார். வேறு பெயர் இல்லையா என்றேன். “மாடு தின்னாது. அதுக்கு எதுக்குப் பேரு?”

மூன்று நாள் மழை. முதல் நாள் பறித்த செடிகளைக் கொண்டுசென்ற நாளிதழ்த் தாள்களுக்கிடையே வைத்து, பலகைகளால் அழுத்திக் கட்டினேன். தாள் அத்துடன் தீர்ந்தது. எஞ்சியவற்றை ஈரச் சாக்கில் சுருட்டிக்கொண்டு வீடு வந்து, துணைவி கோமதியிடம் பழந்துணி கேட்டேன்.

“செடிக்குப் பொடவையா?” என்றார் அவர். “எனக்கு எடுத்துக் குடுக்கவே யோசிப்பீங்க.”

“பழையது போதும்.”

“எடுத்துக்கோங்க. ஆனா அந்தப் பூவுக்கு எம்பேரத்தான் வெக்கணும், சொல்லிட்டேன்.”

நைந்த பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்து, ஒவ்வொரு செடிக்கும் கீழும் மேலும் விரித்தோம். கரி போட்ட தேய்ப்புப் பெட்டியால் கோமதி அத்துணியின் மேல் தேய்த்துச் சூடேற்றுவார். வீடெங்கும் வெந்த கீரையின் மணம். ஊர் தீபத்துக்குப் பொரி வாங்கிக்கொண்டிருக்க, எங்கள் கூடத்தில் தும்பை உலர்ந்தது.

படிப்போர் இத்துணியை மறவாதிருக்க வேண்டுகிறேன்.

சவர அலகு

தீபத் திருவிழாவுக்கு முன் கமால் பாயை நெருங்க இயலாது. வரவேற்பு வளைவுகள், விடுதிப் பலகைகள், தண்ணீர்ப் பந்தல் துணிகள் என்று ஊரின் எழுத்தெல்லாம் அவர் கையில் இருக்கும். எல்லாம் ஓய்ந்தபின் உலர்ந்த செடி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெந்நீரில் ஊறவைத்தால் பூ மீண்டும் விரியும் என்று காட்டினேன். கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் இரவல் பெற்ற கண்வில்லையை இடுக்கிக்கொண்டு அவர் அமர்ந்தார்.

ஆறு நாள் கழித்துச் சென்று பார்த்தேன். செடி அட்டையில் உயிரோடு நின்றது. இலையின் அடிப்புற நரம்புகள் கூட விடுபடவில்லை. அட்டையின் கீழ்ப்பகுதியில், பூவைத் தாங்கும் பச்சைக் கிண்ணமாகிய புல்லி வட்டத்தைப் பெரிதாக்கி வரைந்திருந்தார். அதன் வாயைச் சுற்றி மிக மெல்லிய கோடுகள் வட்டமாக எழுந்து நின்றன.

“பாய், புல்லி வட்டத்தின் வாயில் இந்த மயிர் எங்கிருந்து வந்தது?”

கமால் பாய் பேனாவைக் கீழே வைத்தார். “சார் ஐயா, ரோட்ல சண்டக்காரன் பேசற வார்த்தையெல்லாம் நீங்க பேசலாமா?”

அது தூய தமிழ்ச் சொல் என்றும், எம் பாடநூல்களில் உள்ளதே என்றும் விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “முடின்னு சொல்லுங்க, காதுக்கு நல்லா இருக்கு,” என்றார்.

“சரி, முடி. அது செடியினுடையது அன்று. சேலைத் துணியில் வைத்து உலர்த்தினோம், நூல் ஒட்டியிருக்கிறது. நானும் கல்லூரி நுண்ணோக்கியில் பார்த்தேன். தூரிகையால் தட்டினேன், பாதி உதிர்ந்தது. மிச்சமும் நூலே என்று தள்ளிவிட்டுத்தான் விவரித்தேன்.”

“நூலா இருந்தா படுத்துக் கெடக்கும் சார். இது வட்டமா எழுந்து நிக்குது.”

“நான் பல ஆண்டுகளாகத் தும்பையைப் பார்த்து வருகிறேன் பாய்.”

“நான் இந்த ஒண்ணத்தான் பாத்தேன்,” என்றார். பின்பு, என் முகம் மாறியதைக் கண்டிருக்க வேண்டும், “நீங்க படிச்சவரு. எடுத்துடுன்னா எடுத்துடறேன்,” என்று சவர அலகை எடுத்தார்.

அட்டையில் மையைச் சுரண்டுவது எளிதன்று. மேற்பரப்பு கிழியாமல், தூசியை ஊதிக்கொண்டே, இழை இழையாக எடுக்க வேண்டும். அவர் ஒவ்வொரு கோட்டையும் வரைந்த அதே கவனத்தோடு அழித்தார். முடிந்ததும் அட்டையை என்னிடம் நீட்டினார்.

வலப்புறக் கீழ் மூலை வெறுமையாக இருந்தது.

“கையொப்பம்?” என்றேன்.

“சொரண்டுன போர்டுல பேரு போடறதில்லீங்க. எங்க அத்தா காலத்துல இருந்தே அப்படித்தான். கடக்காரர் எழுத்த மாத்தச் சொன்னா மாத்திக் குடுப்போம். பேரு மட்டும் போட மாட்டோம்.”

அது தொழில் வழக்கம் என்று எண்ணி மிதிவண்டியை மிதித்து வீடு வந்தேன். அதில் எனக்கொரு சொல் இருந்ததை அன்று நான் கேட்கவில்லை.

முதல் கட்டு

விவரிப்பையும் படத்தையும் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். இதழாசிரியரின் மறுமொழி கோடையில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இது: நான் காட்டிய வேறுபாடுகள் இலையின் அளவையும் செடியின் உயரத்தையும் பற்றியவை; மண் மாறினால் இவையும் மாறும்; முன்பே அறியப்பட்ட தும்பை ஒன்றின் குட்டை வடிவமே இது எனத் தோன்றுகிறது; உறுதியான வேறுபாடு உண்டாயின் பத்து நாளுள் திருத்திய படத்துடன் அனுப்பலாம்; இல்லையேல் ஏற்பதற்கில்லை.

மலையில் அப்போது பூ இல்லை. அடுத்த பூவுக்கு ஆறேழு திங்கள் ஆகும். இதற்கிடையே வேறொரு கல்லூரியினரும் அம்மலையில் செடி சேகரித்து வருவதாகக் கேள்வி. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உண்ண அமர்ந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

“என்ன எழுதியிருக்காங்க?” என்றார் கோமதி.

சொன்னேன். கமால் பாய் வரைந்ததையும், நான் சுரண்டச் செய்ததையும் அன்றுதான் முதன்முறையாக அவரிடம் சொன்னேன்.

அவர் குழம்பு ஊற்றுவதை நிறுத்தினார். “மொத கட்டுல என் பொடவ இல்லியே.”

“என்ன?”

“மொத நாள் பறிச்சதப் பேப்பர்ல வெச்சுக் கட்டிட்டீங்க இல்ல. பேப்பர் தீந்தப்புறந்தான எங்கிட்ட வந்து நின்னீங்க. அந்தக் கட்ட நான் தொடவே இல்ல. அதப் பிரிச்சுப் பாருங்க. அதுல முடி இருந்தா அது எம்பொடவ நூலா எப்படி இருக்கும்?”

தாவரவியலில் பட்டம் பெற்றவன் நான். இக்கேள்வியை எழுப்பியவர் சமையற்கட்டில் கரண்டியோடு நின்றவர். கை கழுவிவிட்டு நேரே கல்லூரிக்குச் சென்றேன்.

முதல் கட்டைப் பிரித்தேன். தாளில் செடியின் நிழல் பழுப்பாகப் பதிந்திருந்தது. ஒரு பூவை வெந்நீரில் இட்டு, அது விரியும் வரை கடிகாரத்தைப் பாராமல் இருக்க முயன்றேன். பின்பு நுண்ணோக்கியில் குனிந்தேன்.

வெண்மையான மயிர்கள் புல்லி வட்டத்தின் வாயை அடைத்துக்கொண்டு வட்டமாக நின்றன. தூரிகையால் தட்டினேன். விழவில்லை. இரண்டாவது பூவிலும் நின்றன. ஐந்தாவதிலும் நின்றன. ஒப்பிட வேண்டிய பழைய இனத்தின் வாயிலோ ஒன்றுமில்லை. மழித்த மோவாய் போல் வழவழப்பாக இருந்தது. துணியில் உலர்த்தியவற்றில் நூலும் இருந்தது, மயிரும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகக் கண்டு, இரண்டையும் ஒன்றாகத் தள்ளியவன் நான்.

ஏணியின் அடியில்

தேர்தல் காலம் அது. கமால் பாய் பேருந்து நிலையத்தை ஒட்டிய நெடுஞ்சுவரில், ஏணி மேல் நின்று ஒரு கட்சிக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதே சுவரின் மறுபாதியில் எதிர்க்கட்சியின் எழுத்து ஈரம் உலராமல் இருந்தது. அதுவும் அவர் கையே.

கீழே நின்று, “பாய், நூல் அன்று. முடிதான்,” என்றேன்.

அவர் திரும்பவில்லை, பாதியில் நின்ற எழுத்தை முடித்தார். பின்பு இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, “நின்னுச்சா?” என்றார்.

“நின்றது. தட்டினாலும் விழவில்லை.”

“அப்ப சரி.” அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த எள்ளல் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

படத்தைத் திருத்த வேண்டும் என்றேன்.

“திருத்த வேணாம் சார். சொரண்டுன எடத்துல மை பரவும். ஊசி மாதிரி இருக்க வேண்டியது ஈர்க்குச்சி மாதிரி ஆயிடும். புது அட்டையில மொதல்ல இருந்து போட்டுத் தரேன். ஓட்டு முடியட்டும், ஒரு பதினஞ்சு நாளு.”

“எட்டு நாளில் அஞ்சலில் சேர்க்க வேண்டும்.”

“எட்டு நாள்ல இந்தச் செவுரே முடியாது.”

“இந்தக் கெடு தவறினால் முதலிலிருந்து அனுப்பி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் வேறொருவர் பெயரிட்டுவிடுவார், பாய்.”

அவர் தூரிகையைத் துணியில் துடைத்தார். “யாரு பேரு வெச்சாலும் செடி அதுதான சார்?”

அவசரம் செடியினுடையது அன்று, என்னுடையது. இதை மறைக்காமல் எழுத இத்துணை ஆண்டுகள் ஆயின.

மறுநாள் முற்பகல், சுவரெழுத்துக்கு இடையில் கடைக்கு வந்து, மிக மெல்லிய முனையுள்ள பேனாவால் அந்த மயிர்களை ஒவ்வொன்றாக மீண்டும் நட்டார். அலகு பட்ட இடத்தில் அட்டை பஞ்சு போல் எழும்பியிருந்தது. மை வழிந்து, ஒவ்வொரு கோடும் தன் அளவினும் பருத்தது. ஒவ்வொரு முறையும் அவர் நாக்கு ‘ச்சு’ என்றது. கையொப்பம் இடுமாறு கேட்டேன். தலையசைத்து மறுத்தார்.

விவரிப்பு ஏற்கப்பட்டது. தாடியுடையது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லையே இனப்பெயராக வைத்தேன். அச்சான இதழைக் காட்டியபோது கமால் பாய் தம் தாடியைத் தடவிக்கொண்டு, “நம்ம ஆளு,” என்றார். கோமதி இன்று வரை மன்னிக்கவில்லை. “எம்பேரக் கேட்டேன். தாடி வெச்சுட்டு வந்து நிக்கறாரு.”

நன்றியுரையில் ‘படம் வரைந்துதவிய நண்பர்’ என்று மட்டும் எழுதினேன். பெயர் வேண்டா என்று அவர் சொன்னது மெய். நான் வற்புறுத்தாததும் மெய். பெயரை அச்சிட்டிருந்தால் எவரேனும் அவரைத் தேடிச் சென்று, இவ்விடம் மட்டும் ஏன் தடித்தது என்று கேட்டிருப்பர். அவர் உள்ளதைச் சொல்லியிருப்பார்.

பாறையின் மேல்

எண்பதுகளின் தொடக்கத்தில், தீப வேலைகள் முடிந்த ஒரு வாரத்தில், கமால் பாய் தாமே வீட்டுக்கு வந்தார். “அந்தச் செடிய உயிரோட பாக்கணும் சார். வெந்நீல எழுப்புனதத்தான் பாத்திருக்கேன்.”

இருவரும் சென்றோம். பேருந்தில் அவர் சன்னலோரம், மடியில் அட்டை. பாறைச் சரிவில் தும்பை பூத்திருந்தது. பூவை அவர் பறிக்கவில்லை. ஈரப் பாறையில் குப்புறப் படுத்து, கண்வில்லையை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். சட்டையெல்லாம் பாசி. மேகம் வந்து எங்களை மூடிச் சென்றது, அவர் அசையவில்லை.

“எப்படி இருக்கிறது?” என்றேன்.

“கம்மியா இருக்கு சார். நான் போட்டதுல பாதி கனம்கூட இல்ல,” என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

அங்கேயே கரிக்கோலால் வரைந்துகொண்டார். பத்து நாள் கழித்து, நாளிதழில் சுற்றிய அட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். புதிய படம். புல்லி வட்டத்தின் வாயில் மயிர்கள் மூச்சுப் பட்டால் அசையும் போல் இருந்தன. வலப்புறக் கீழ் மூலையில், சிவப்பில், ‘கமால், தி.மலை’.

இதையும் அச்சிட முயல்கிறேன் என்றேன்.

“வேணாம் சார். புத்தகத்துல இருக்கறது உங்க படம். இது என்னோடது.”

சொல்லிவிட்டு, கோமதி கொடுத்த தேநீரைக் குடித்து, சர்க்கரை ஜாஸ்தி என்று குறை கூறிவிட்டுப் போனார்.

மறுமொழி

கமால் பாய் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அப்படம் என் அறைச் சுவரில் இருக்கிறது. கட்டுரையைப் படித்த மறுநாளே அதைக் கழற்றி வண்ண ஒளிநகல் எடுத்து அவ்வாய்வாளருக்கு அனுப்பினேன். கூடவே எழுதினேன்: “தாங்கள் கண்டது சரி. முதற்படத்தில் மயிர்கள் தடித்தவையே. அது ஓவியரின் குறையன்று. சுரண்டச் சொன்னவனின் குறை. ஓவியர் பெயர் கமால். தேரடித் தெரு, திருவண்ணாமலை. தங்கள் கட்டுரையில் அருள்கூர்ந்து இதனைச் சேர்க்க.”

சேர்ப்பதாக மறுமொழி வந்துவிட்டது. சிவப்புக் கையொப்பம் கறுப்பாகத்தான் அச்சாகும் என்று வருந்தியிருக்கிறார். பாதகமில்லை.

நினைவிலிருந்து எழுதிய இதில் பிழைகள் இருக்கும். மழை மூன்று நாளோ நான்கு நாளோ. விதைக்கடை கீழ்பென்னாத்தூரில் பேருந்து நிறுத்தத்திற்கு எதிரேயா, சற்றுத் தள்ளியா. கமால் பாய் சொன்ன சொற்கள் இவைதாமா. அவர் மக்களோ, அவர் பலகைகளைக் கண்டவர்களோ இதைப் படித்தால், தவறியதைத் தயங்காமல் எழுதித் தெரிவியுங்கள். நான் நூலென்று எண்ணித் தட்டிவிட்டவை இதிலும் இருக்கக்கூடும். இம்முறை அலகை எடுக்க மாட்டேன். புது அட்டையில், முதலிலிருந்து எழுதுவேன்.